வேலைக்குப் போனா மருந்து நிண்டிடுமோ?

ஓய்வு பெற்று ஆறு மாதமான பிறகு ஒரு பிற்பகல் பிரியா தொலைபேசியில் அழைத்தாள். சென்னையிலிருந்து படிக்க வந்து மொன்றியலிலேயே தங்கிவிட்டவள். நான் வேலை செய்த அலுவலகத்தில் இப்போது என் மேசை அவளுடையது.

"மேடம், ஆபீஸையே மாத்தறாங்க. இனிமே யாரும் நேர்ல வர வேண்டாமாம், எல்லாம் போன்லயே முடிச்சுடணுமாம். பழைய ஸ்டாஃப்கிட்ட ஆளுக்கு அரைப் பக்கம் எழுதி வாங்கச் சொன்னாங்க. உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஒரு சக்ஸஸ் எழுதிக் குடுங்களேன், சுவத்துல மாட்டப் போறோம்."

சரி என்றேன். சக்கர நாற்காலியில் வந்து, நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அது உண்மைதான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது மனதில் வந்தது வேறு. அதைச் சுவரில் மாட்ட முடியாது. பெயர்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். எட்டு வருடம் தையல் ஆலை. பிறகு வைத்தியசாலையில் துப்புரவு வேலை. மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்து, அதே வைத்தியசாலையில் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினேன். அங்கே ஒருநாள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்த மதாம் திபோ என்ற பெண்மணி, "நோயாளி சொல்லாததை நீங்கள் சேர்த்துச் சொல்வதில்லை. என்னிடம் வேலைக்கு வருகிறீர்களா?" என்று கேட்டார். போனேன். திருமணம் செய்யவில்லை, அதற்கான காரணம் இங்கே தேவைப்படாது. கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் ஓர் அறை. வில்லரேயில் சப்பாத்துத் திருத்தும் கடைக்கு மேலே அலுவலகம். இரண்டுக்கும் இடையில் மெட்ரோ. இரண்டாயிரமாம் ஆண்டுகள் முழுவதும் என் வாழ்க்கை இந்த மூன்றுக்குள்தான் இருந்தது.

உடலாலோ மனதாலோ இயலாமை உள்ளவர்கள் வேலைக்குப் போக உதவுவதுதான் எங்கள் பணி. வேலை தேடிக் கொடுப்பது அதில் சின்னப் பங்கு. பெரும்பங்கு ஒரு பயத்தோடு மல்லுக்கட்டுவது. கியூபெக்கில் வைத்தியரைப் பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை, மருந்து அப்படியில்லை. இயலாமைக்காக அரசாங்க உதவியில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையோடு ஒரு சீட்டும் வரும். கார்னே என்பார்கள். அதை மருந்துக்கடையில் காட்டினால் மருந்து கைக்கு வரும். பலருக்கு உதவித்தொகையைவிட அந்தச் சீட்டுத்தான் உயிர். ஆகவே எங்கள் கதவைத் தட்டியவர்கள் எந்த மொழியில் பேசினாலும் முதற்கேள்வி ஒன்றாகவே இருந்தது. நம்மவர்கள் கேட்டது இப்படி: "வேலைக்குப் போனா மருந்து நிண்டிடுமோ?"

நான் சேர்ந்த முதல் மாதம், வலிப்பு நோயுள்ள சிவபாலன் என்பவர் அதே கேள்வியோடு வந்தார். அச்சகம் ஒன்றில் இரண்டு நாள் வேலை செய்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தியதால் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் முன்னால் சாய்ந்து, "ஒண்டும் நடக்காது அண்ணை, யோசிக்காதேங்கோ" என்றேன். அவர் முகம் தெளிந்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அவர் போன பின் மதாம் திபோ கூப்பிட்டார். அவருடைய அறைக்கதவு எப்போதும் திறந்தே இருக்கும். எங்கள் பேச்சு முழுவதும் அவர் காதில் விழும். உயரமான, மெலிந்த பெண்மணி. ஓர் ஆப்பிளைச் சிறிய கத்தியால் எட்டுத் துண்டாக வெட்டி, மேசையிலேயே தனியாகச் சாப்பிடுவார். எங்களோடு எத்தனை வருடம் வேலை செய்தும் ஒருவரையும் ஒருமையில் அழைத்ததில்லை.

"கடைசியாக என்ன சொன்னீர்கள்? அவர் சிரித்தாரே."

மொழிபெயர்த்தேன்.

"ஒன்றும் நடக்காது என்று சொல்ல உங்களுக்கும் அதிகாரமில்லை, எனக்கும் இல்லை, மதாம் றெஜினா. என்ன நடக்கும் என்று சொல்லுங்கள். எந்த மாதம் நடக்கும் என்று சொல்லுங்கள்."

அன்றே ஒரு வெள்ளைத் தாளைப் படுக்கையாக வைத்து, பென்சிலால் நீளமாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கோட்டின் இடது முனை இன்று. வலது முனை ஒரு வருடம் கழித்து. இடையில் மாதங்கள். முதற் சம்பளம் எந்த மாதம், அதை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டியது எந்த மாதம், உதவித்தொகை குறைவது எப்போது, நிற்பது எப்போது, கார்னேயை மட்டும் நீட்டித் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டியது எப்போது, வேலையிடம் தன் ஊழியர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் கூட்டுக் காப்புறுதி தொடங்குவது எப்போது. இந்தக் கடைசிப் புள்ளிக்கு மட்டும் சிவப்புப் பென்சில். வேலையிடத்தில் கூட்டுக் காப்புறுதி இருந்தால் அதில் சேர்ந்தே ஆக வேண்டும், அன்றோடு மருந்துக்கு அரசாங்கத்தின் பொறுப்பு முடிகிறது. கோட்டின் கீழே மாத்திரைகளின் பெயர்கள். தாளைப் பிரதியெடுத்து அவர்கள் கையில் ஒன்று கொடுக்க வேண்டும்.

அவருக்கு வேறு விதிகளும் உண்டு. அதிகாரியோடு தொலைபேசியில் பேசினால் பெயரையும் நேரத்தையும் முதலில் எழுத வேண்டும். சொன்னதைக் கடிதமாகக் கேட்க வேண்டும். காப்புறுதிப் புத்தகத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும், இரண்டாவது தரம் வாய்விட்டு. அவரும் அப்படித்தான் வாசிப்பார், எழுந்து நின்று, பள்ளிப் பிள்ளை மாதிரி. முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

சிவபாலனுக்குக் கோடு போட்டுக் கொடுத்தோம். அவர் அச்சகத்துக்குத் திரும்பிப் போனார். அதன் பிறகு நான்கு வருடம் நான் போட்ட கோடுகளில் ஒன்றும் தவறவில்லை.

ஜெசிந்தா வந்தது அந்த நான்கு வருடத்துக்குப் பிறகு. மன்னார்ப் பக்கம். முப்பத்திரண்டு வயது. கூடவே தமையன் அன்ரனும் வந்தார், டாக்சி ஓட்டுபவர். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் இரண்டு வருடம் கிடந்து, பிறகு மாற்றுச் சத்திர சிகிச்சை நடந்திருந்தது. சிறுநீரகம் கொடுத்தவர் அன்ரன். உடல் அதை ஏற்றுக்கொள்ள அவள் நாள்தோறும் காலையும் மாலையும் மாத்திரை எடுக்க வேண்டும்.

அவளிடம் நான் கேட்டவற்றுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். "அவ வேலைக்குப் போகத் தேவையில்லை. டொக்டர் சொன்னதெண்டு வந்திருக்கிறம். நான் இருக்கிறன் தானே. இந்தக் குளிசையள் ஒரு நேரம் தப்பினாலும் உடம்பு கிட்னியைத் தள்ளிப்போடும். கார்னே நிண்டா ஆர் பாக்கிறது?"

"அண்ணை, நான் ஒருக்காக் கதைக்கட்டோ?" என்றாள் ஜெசிந்தா.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நோய் வந்த இந்த ஏழு வருசமாய் ஆரும் என்னை ஏன் பிந்தி வந்தனி எண்டு கேக்கேல்லை அக்கா. எனக்கு அப்பிடி ஆராவது கேக்கவேணும்."

இத்தனை வருடத்தில் வேலை ஏன் வேண்டும் என்பதற்கு நான் கேட்ட விடைகளில் இதைப் போல ஒன்று இல்லை.

அவளுடைய கண் கூர்மையானது. செயிண்ட் லோறன் பக்கம் மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யும் ஆலை ஒன்றில், விளக்கின் முன் வில்லையைப் பிடித்துக் கீறல் பார்க்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. உட்கார்ந்து செய்யும் வேலை. வாரத்தில் சில மணித்தியாலம் மட்டும் செய்தால் உதவித்தொகையும் கார்னேயும் அப்படியே இருக்கும் என்று சொன்னேன். எங்களிடம் வந்த பலர் அந்த வழியைத்தான் எடுத்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். "அரை வேலை வேண்டாம் அக்கா."

நான் கோடு போட்டேன். முதல் மூன்று மாதம் கார்னே நீடிப்பு. அதற்கு எழுதிக் கேட்டு, அதிகாரியின் கடிதத்தையும் வாங்கிவிட்டேன். நான்காம் மாதம் தகுதிகாண் காலம் முடிந்து ஆலையின் கூட்டுக் காப்புறுதி தொடங்கும். காப்புறுதிப் புத்தகம் பிரெஞ்சில், நுணுக்கெழுத்தில், நாற்பது பக்கத்துக்கு மேல். மருந்துப் பட்டியலைத் தேடிப் பிடித்தேன். அவளுடைய மூன்று மாத்திரைகளும் இருந்தன. மகிழ்ச்சியில் சிவப்புப் பென்சிலை எடுத்து, நான்காம் மாதத்தின் கீழே "மருந்து உண்டு" என்று எழுதினேன். இரண்டாம் தரம் வாய்விட்டு வாசிக்கவில்லை. அன்று அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அந்தச் செய்தியை உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. என்னால் சொல்லக்கூடிய காரணம் இது ஒன்றுதான்.

அவள் வேலைக்குப் போன முதல் வாரம், வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, இண்டைக்கு எட்டு நிமிசம் பிந்திப் போனன். சுப்பர்வைசர் மணிக்கூட்டைக் காட்டி ஏசினவர்!" என்று சிரித்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழைத்தாள். எத்தனை வில்லையைத் திருப்பி அனுப்பினாள், பக்கத்தில் இருக்கும் ஹெயிட்டிக்காரி எப்படிப் பாட்டுப் பாடுகிறாள், மதிய இடைவேளையில் யாரோ பிறந்தநாள் கேக் கொண்டுவந்தது. மற்றவர்கள் போன பின்பும் நான் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு மேசையில் காத்திருப்பேன். அவள் வைத்த பிறகுதான் மெட்ரோவுக்கு இறங்குவேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாருடனும் பேசாமல் போகும் வீட்டுக்கு அந்த அழைப்போடு போவது வேறு மாதிரி இருந்தது. இதை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறாம் மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. மூன்றாம் வெள்ளி தொலைபேசி அடித்தது. அன்ரன்.

"உங்கட ஆள் ஆஸ்பத்திரியில" என்றார்.

நான் போனபோது வார்டுக்கு வெளியே, நடைபாதை நாற்காலியில் டாக்சித் திறப்புக் கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தார். எழும்பவில்லை.

"கால் வீங்கி, காய்ச்சல் வந்து, நானே தூக்கிக்கொண்டு வந்தனான். குளிசை பாதிதான் எடுத்திருக்கிறாள். ரெண்டு மாசமாய். காலமை எடுத்திருக்கிறாள், பின்னேரம் எடுக்கேல்லை. ஏன் தெரியுமோ?"

"சொல்லுங்கோ" என்றேன்.

"புதுக் காப்புறுதியில மருந்துக்கடையில முழுக் காசையும் கட்டவேணுமாம். பேந்து பில் துண்டை அனுப்பினா ஒரு மாசத்தால அவங்கள் திருப்பித் தருவாங்களாம். முழுசாய்க் கட்ட அவளிட்டை எங்கால காசு? பாதி வாங்கியிருக்கிறாள். எனக்குச் சொன்னா வேலையை நிப்பாட்டிப்போடுவன் எண்டு சொல்லேல்லை."

அவர் குரலை உயர்த்தவில்லை; உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது என்ட கிட்னி அக்கா. அவளுக்கெண்டு வெட்டிக் குடுத்தனான். நீங்கள் அதைக் கொண்டுபோய் ஒரு கண்ணாடி ஃபக்ரரிக்குக் குடுத்திட்டியள்."

உள்ளே ஜெசிந்தா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. கையில் குழாய் வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. என் காலடி கேட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை? ஒவ்வொரு வெள்ளியும் கதைச்சனாங்கள் தானே?"

"நீங்கள் அவ்வளவு சந்தோசமாய் இருந்தியள் அக்கா" என்றாள். "நான் என்னெண்டு சொல்லுறது?"

மெட்ரோவில் திரும்பும்போது அந்த வசனம் கூடவே வந்தது. அவள் எனக்கு வெள்ளிக்கிழமைகளில் சொன்ன கேக்கும் பாட்டும் உண்மைதான். அதைச் சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்துவிட்டு, மாலை மாத்திரையை எடுக்காமல் படுத்திருக்கிறாள். என் மகிழ்ச்சியைக் காப்பாற்ற நோயாளியான ஒருத்தி பாடுபட்டிருக்கிறாள்.

திங்கள் காலை மதாம் திபோவிடம் சொன்னேன். அவர் எழுந்து அறைக்கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காப்புறுதிப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "வாசியுங்கள்" என்றார். நின்றுகொண்டு வாய்விட்டு வாசித்தேன். பதினேழாம் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்கு இரண்டு பத்தி மேலே, ஒரே ஒரு வரி: உறுப்பினர் முழுத்தொகையையும் செலுத்தி, பற்றுச்சீட்டை அனுப்பிப் பின்னர் பெற்றுக்கொள்வார்.

அவர் திட்டவில்லை. பென்சிலை எடுத்து, காப்புறுதிக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். ஒருவரிடமிருந்து ஒருவராக நான்கு பேர். நான்கு பேரின் பெயரும் நேரமும் தாளில் ஏறின. நான்காமவர், மருந்துக்கடைக்காரர் சம்மதித்தால் பணத்தைக் கம்பனி நேரடியாகக் கடைக்கே அனுப்பலாம், அதற்கு ஒரு படிவம் உண்டு, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும் என்றார். ஜெசிந்தாவின் மருந்துக்கடைக்காரர் வில்லரேயில் கடை வைத்திருந்த வியட்நாமியர், அதிகம் பேசாதவர். அவரிடம் படிவத்தைக் கொண்டுபோனேன். ஒரு தரம் வாசித்தார். "என்னிடம் ஒருவரும் இதைக் கேட்கவில்லையே" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். மொத்தத்தில் இரண்டு நாள் வேலை. ஆறு மாதத்துக்கு முன்பே செய்திருக்கக்கூடிய இரண்டு நாள் வேலை.

சிறுநீரகம் பிழைத்தது, முழுதாக அல்ல. போன பங்கு போனதுதான் என்றார்கள்.

அடுத்து வந்ததுதான் கடினம். வைத்தியசாலையின் சமூக சேவகி எங்களிடம் அறிக்கை கேட்டிருந்தாள். அவர்களுடைய கோப்பில், மருந்தை ஒழுங்காக எடுக்காதவர் என்று ஜெசிந்தாவைப் பற்றி ஒரு வரி ஏறியிருந்தது. மதாம் திபோ அதன் பொருளை எனக்கு விளக்கினார். எப்போதாவது இந்தச் சிறுநீரகமும் நின்று அவள் இன்னொன்றுக்குக் காத்திருக்கும் நிலை வந்தால், முதலில் வாசிக்கப்படுவது அந்த வரியாக இருக்கும்.

நான் அறிக்கை எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடிட்டுத் திருப்பித் தந்தார். "காப்புறுதி விதி பற்றிய தகவல் வழங்கப்படவில்லை" என்று எழுதியிருந்தேன்.

"யார் வழங்கவில்லை?"

இரண்டாம் தரம், "அலுவலகம் கவனிக்கத் தவறியது" என்று எழுதினேன். மறுபடியும் பென்சில் கோடு.

"அலுவலகத்துக்குக் கண் இருக்கிறதா, மதாம் றெஜினா?"

அன்று மதியம் சாப்பிடவில்லை. தமிழிலும் பிரெஞ்சிலும் ஆளை மறைத்து எழுத எத்தனையோ வழி இருக்கிறது. மூன்றாம் தரம் எழுதினேன்: "காப்புறுதிப் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தை நான் வாசிக்கவில்லை. மருந்து தொடரும் என்று நான் அவருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் என் சொல்லை நம்பினார்." கீழே என் பெயர். மதாம் திபோ வாசித்துவிட்டு, என் பெயருக்குக் கீழே பொறுப்பாளர் என்று தன் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். அதை அவர் செய்யத் தேவையில்லை.

அந்த அறிக்கையைக் கடிதமாக அனுப்பிய பிறகு வைத்தியசாலைக் கோப்பில் அந்த வரி திருத்தப்பட்டது. எங்களுக்கு நிதி தருபவர்கள் விசாரித்தார்கள். ஆட்களைச் சந்திக்கும் வேலையிலிருந்து என்னை விலக்கி, அந்தப் பனிக்காலம் முழுவதும் பின்னறையில் கோப்பு அடுக்கவிட்டார்கள். வைத்தியசாலையில் கேட்டு அன்ரனும் கடிதத்தின் ஒரு பிரதியை வாங்கியிருந்தார். அவர் யாருக்கு என்ன சொன்னாரோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும்போது எல்லோரும் சுகம் விசாரிப்பார்கள், ஒருவரும் நிற்க மாட்டார்கள். நான் மறுபடியும் மேசைக்கு வந்த பிறகு, தமிழ் ஆட்கள் சிலர் வாசலில் நின்று, எங்களோடு வேலை செய்த பிரெஞ்சுப் பெண்ணையே சந்திக்கிறோம் என்று கேட்டார்கள். தங்களுக்குப் பிரெஞ்சு வராவிட்டாலும் அவளையே கேட்டார்கள். நான் பக்கத்து மேசையிலிருந்து அவள் பிழையாக விளங்கிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இவ்வளவையும் தாங்கலாம் என்று நினைத்தேன். ஜெசிந்தாவின் பெயரைச் சுத்தமாக்கிவிட்டேன் என்ற எண்ணம் ஒன்று இருந்தது.

இளவேனிலில் அவள் வந்தாள். ஆலையில் மீண்டும் சேரத் திகதி கொடுத்திருந்தார்கள். நேரடிக் கொடுப்பனவுப் படிவத்தில் அவள் கையெழுத்து வேண்டும். முகம் வற்றி, பழைய அளவுக்கு வந்திருந்தது. அவளுடைய கோப்பில் இருப்பதெல்லாம் அவளுக்கு உரியது என்பதால் என் கடிதத்தின் பிரதியை அவளிடம் கொடுத்து, தமிழில் வாசித்துக் காட்டினேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

அவள் தாளின் வரிகளில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"இதில நான் எங்கை அக்கா?"

"என்ன கேக்கிறாய்?"

"பின்னேரக் குளிசையை விட்டது நான். யோசிச்சுத்தான் விட்டனான். வேலை வேணுமோ, குளிசை வேணுமோ எண்டு நானாய் முடிவெடுத்தனான். பிழைதான். ஆனா அது என்ட பிழை. கிட்னி அண்ணையின்ரை. மருந்து கவுண்மேந்தின்ரை. இப்ப இந்தப் பிழையையும் நீங்கள் உங்கடை எண்டு எடுத்துப்போட்டியள்."

"ஆஸ்பத்திரிக் கோப்பில அந்த வரி இருந்தா நாளைக்கு உனக்கு…"

"தெரியும். மதாம் சொன்னவ. நீங்கள் எழுதினது எனக்கு நல்லதுதான்." படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். "என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிட்டு எழுதியிருக்கலாம்."

ஆமாம், கேட்டிருக்கலாம். அவளைப் பற்றிய கடிதத்தை மூன்று தரம் எழுதினேன்; ஒரு தரமும் அவளைக் கேட்கவில்லை. தமையன் அவளுக்காகப் பதில் சொன்னபோது மனதுக்குள் அவரைக் குறை சொன்னவள் நான்.

"மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றேன்.

"சரி அக்கா, வாறன்" என்று போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிவரை மேசையில் இருந்தேன். அதற்கடுத்த வெள்ளி ஆறு மணிவரை. பிறகு மற்றவர்களோடு ஐந்து மணிக்கே இறங்கத் தொடங்கினேன்.

மதாம் திபோ இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றுத் தன் ஊரான ஆற்றங்கரைக் கிராமத்துக்குப் போனார். போகும் நாளில் எனக்குக் கைகொடுத்து, "நல்ல கடிதம் அது" என்றார். எந்தக் கடிதம் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஜெசிந்தா சொன்னதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ பூங்கொத்தோடு வந்துவிட்டார்கள்.

ஜெசிந்தாவிடமிருந்து வருடத்துக்கு ஒரு தரம் அந்தப் படிவம் மட்டும் தபாலில் வரும். மருந்துக்கடைக்காரரின் கையெழுத்தும் அவள் கையெழுத்தும் இருக்கும். நான் எங்கள் முத்திரையைக் குத்திக் கம்பனிக்கு அனுப்ப வேண்டும். கூடவே ஒரு சின்னக் குறிப்புக்கூட இருக்காது. ஆனாலும் படிவத்தில் சில கட்டங்களை அவளே நிரப்ப வேண்டியிருந்தது. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கட்டங்களில் வந்ததுதான். முதல் வருடம் தொழில் என்ற கட்டத்தில் "வில்லை பரிசோதகர்". இரண்டாம் வருடமும் அதுவே. மூன்றாம் வருடம் "அணித் தலைவி". நான் அந்தத் தாளை அலுவலகத்தில் ஒருவருக்கும் காட்டவில்லை, காட்டவும் கூடாது. அன்று வீட்டில் கொஞ்சம் கேசரி கிண்டிச் சாப்பிட்டேன். நான்காம் வருடம் விலாசம் தூரத்துப் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு மாறியிருந்தது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற கட்டத்தில் அன்ரனின் பெயர் இருந்த இடத்தில் வேறொரு ஆணின் பெயர். உறவு என்ற இடத்தில் "கணவர்". விலாசம் மாறினாலும் மருந்துக்கடை அதே வில்லரே மருந்துக்கடைதான்.

நான் ஓய்வு பெறவிருந்த வருடம் படிவம் வரவில்லை. வரவேண்டிய மாதம் போய், அடுத்த மாதமும் போனது. மேசையைப் பிரியாவிடம் ஒப்படைக்க இரண்டு வாரம் இருந்தது. வீட்டுக்கு அழைக்கலாம், இலக்கம் கோப்பில் இருந்தது. யார் எடுப்பார்கள், எடுத்து என்ன சொல்வார்கள் என்று நினைத்துத் தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்தேன். கடைசியில் மருந்துக்கடைக்கு அழைத்தேன். வியட்நாமியர்தான் எடுத்தார். படிவம் வரவில்லை என்றேன்.

"அது இனித் தேவையில்லை, மதாம். கம்பனி எல்லோருக்கும் அட்டை கொடுத்துவிட்டது. கடையில் அட்டையைக் காட்டினால் போதும், ஒருவரும் முழுக்காசு கட்டத் தேவையில்லை. உங்களுக்கு எழுதவில்லையா?"

"இல்லை" என்றேன். நல்ல செய்திதான். அவள் எப்படி இருக்கிறாள், சிறுநீரகம் எப்படி, இவற்றைக் கேட்க எனக்கு உரிமையில்லை. சொல்ல அவருக்கும் உரிமையில்லை. இருவருக்கும் அது தெரியும்.

"ஆகவே நான் கோப்பை மூடிவிடலாமா?" என்று கேட்டேன்.

"மூடலாம்" என்றார். பிறகு, நான் தொலைபேசியை வைக்கப் போகும் நேரம், "மதாம்" என்று கூப்பிட்டார். "செவ்வாய்க்கிழமை வந்து மருந்தை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாதத்துக்குரியது முழுவதையும். அவசரமாக ஓடினார். வேலைக்குப் பிந்துகிறதாம்."